துறைமுக ஆபீசுக்கு ஒரு விண்ணப்பம்



இந்த மாதம் மட்டும் ஏழெட்டுப் பேர் வேலை விஷயமாகக் கேட்டுவிட்டீர்கள். "சார், ஆபர் வந்திருக்கு, போகலாமா?" என்று சிலர். "சார், எட்டு மாசமா தேடறேன், யாரும் பதில்கூடப் போடறதில்லை" என்று சிலர். தனித்தனியாகப் பதில் எழுத என் கட்டைவிரலுக்கு வலு இல்லை. எனக்குத் தெரிந்தது வரலாறுதான். ஆகவே ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கணித மேதை ராமானுஜனைத் தெரியாத ஆள் நம்மில் கிடையாது. பிறந்தநாளான டிசம்பர் 22-ல் பள்ளியில் படம் வைத்துப் பூப் போட்டவர்கள்தானே நீங்கள். ஆனால் மேதை ராமானுஜனைப் பற்றிப் பேசிப் பேசி, வேலை தேடிய ராமானுஜனை நாம் மறந்துவிட்டோம். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அந்த மனிதர் வேலைக்காக ஊர் ஊராகப் போனார். உங்களுக்கு இப்போது வேண்டியவர் அந்த ராமானுஜன்தான்.

1909-ல் அவருக்குத் திருமணம் ஆயிற்று. வயது 21. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. இன்றைய கணக்கில் சொன்னால் பத்தாம் வகுப்புக்கு மேல் கையில் எந்தச் சான்றிதழும் இல்லாத பையன். கையில் இருந்தது கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் மட்டும். ட்யூஷன் எடுத்துப் பார்த்தார். பாடத்திட்டத்தில் உள்ளதைச் சொல்லாமல் தன் போக்கில் எங்கோ போய்விடுவாராம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அப்படிப்பட்ட வாத்தியாரிடம் எத்தனை நாள் இருக்கும்? வாத்தியார் வேலை தனக்குச் சரிப்படாது என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பின்னாளில் அவர் அந்தப் பக்கம் முயற்சி செய்ததாகத் தெரியவில்லை.

1910-ல் அவர் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி அய்யர். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் அவரிடம் கேட்டது என்ன தெரியுமா? தாலுகா ஆபீஸ் போன்ற இடத்தில் ஒரு குமாஸ்தா வேலை. அவ்வளவுதான். நோட்டுப் புத்தகத்தையும் காட்டினார்.

ராமசாமி அய்யர் வேலை கொடுக்கவில்லை. இந்த நோட்டை எழுதியவனை வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் உட்காரவைத்து அமுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை என்று பிறகு எழுதியிருக்கிறார். வேலை கொடுக்கிற இடத்தில் இருப்பவர் வேலையின் தரத்தை எடைபோட்டு, "இது உனக்குப் பொருந்தாது" என்று சொல்வது அபூர்வம். அதைவிட முக்கியம், இல்லை என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தவில்லை. சென்னையில் இருந்த பேராசிரியர் பி.வி. சேஷு அய்யருக்கும் மற்றவர்களுக்கும் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினார். உங்களில் பலர் இப்போது ஆள் எடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டீர்கள். "வீ வில் கெட் பேக் டு யூ" என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறவர்கள் ராமசாமி அய்யரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்த இடம் இல்லை, அந்த இடத்தில் கேட்டுப் பார் என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

சேஷு அய்யர் மூலமாகப் பேச்சு நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் போயிற்று. அவரும் கணக்கில் ஈடுபாடு உள்ளவர். ராமானுஜன் வந்து நின்ற கோலத்தை அவரே எழுதிவைத்திருக்கிறார். குள்ளமான, பருத்த உருவம். சவரம் செய்யாத முகம். அவ்வளவு சுத்தம் என்று சொல்ல முடியாத தோற்றம். கண்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. கக்கத்தில் கிழிந்த நோட்டுப் புத்தகம். நேர்முகத் தேர்வுக்கு எப்படிப் போகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது! கலெக்டருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை என்பதும் உண்மை. ராமானுஜன் திரும்பத் திரும்பப் போய், எளிய முடிவுகளிலிருந்து தொடங்கி, படிப்படியாகக் காட்டிய பிறகுதான் எதிரே நிற்பவர் யார் என்று அவருக்குப் புரிந்தது. ஆகவே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போங்கள். எதிரில் இருப்பவர் ராமச்சந்திர ராவ் மாதிரி நாலு தடவை பொறுமையாகக் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

உனக்கு என்ன வேண்டும் என்று ராவ் கேட்டார். ஆராய்ச்சியைத் தொடர வயிற்றுப்பாட்டுக்கு ஏதாவது கிடைத்தால் போதும் என்றார் ராமானுஜன். இந்தப் பதிலை நான் பல வருடமாக வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தனக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. பதவி கேட்கவில்லை. பட்டத்துக்கு வழி கேட்கவில்லை. நேரம் வேண்டும், அந்த நேரத்தில் சோறு வேண்டும். இன்று நேர்முகத் தேர்வில் "ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் இணையத்தில் மனப்பாடம் செய்த பதிலைச் சொல்கிறீர்கள். ஆள் எடுப்பவருக்கும் அது மனப்பாடம்.

ராவ் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுக்க ஒப்புக்கொண்டார். நெல்லூரில் கிடந்து வீணாக வேண்டாம் என்று சென்னைக்கே அனுப்பிவைத்தார். ராமானுஜன் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. வேலை இல்லை, மேலதிகாரி இல்லை, நாள் முழுக்கக் கணக்கு. 1911-ல் பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய முதல் கட்டுரை கணிதச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

இங்கேதான் நான் எப்போதும் நின்று யோசிப்பேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனதும், அந்தப் பணம் வேண்டாம் என்கிற முடிவுக்கு வந்தார் ராமானுஜன். வேறு வழியில் உதவித்தொகை வாங்கித்தர நடந்த முயற்சிகள் பலிக்கவில்லை. யாருக்கும் நெடுநாள் பாரமாக இருக்க அவர் விரும்பவில்லை என்று ராவ் எழுதுகிறார். சும்மா வந்த 25 ரூபாயை விட்டுவிட்டு, காலை முதல் மாலை வரை உட்கார்ந்து 30 ரூபாய் சம்பாதிக்கப் போனார். வித்தியாசம் 5 ரூபாய். புத்திசாலித்தனமா என்று கேட்டால், கணக்குப் போட்டுப் பார்த்தால் இல்லை. ஆனால் ஒரு வேலை பொருந்துமா என்பதில் தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்க்க முடியுமா என்பதும் அடங்கும். அப்பா அம்மா பணத்தில் மூன்றாவது வருடமாகப் "பெரிய கம்பெனிக்கு மட்டும்தான் போவேன்" என்று காத்திருக்கும் பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். திட்டவில்லை. யோசித்துப் பாருங்கள் என்கிறேன்.

1912 தொடக்கத்தில் சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள் தற்காலிக வேலை பார்த்தார். பிறகு பிப்ரவரி 9-ம் தேதி, திருவல்லிக்கேணி சம்மர் ஹவுஸ், 7-ம் எண் என்ற முகவரியிலிருந்து, மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் தலைமைக் கணக்கருக்கு விண்ணப்பம் எழுதினார்.

அந்தக் கடிதம் ஐந்தாறு வரிதான். உங்கள் ஆபீசில் குமாஸ்தா இடம் காலியாக இருப்பதாக அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்று தொடங்குகிறது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்ததையும், சில பாதகமான சூழ்நிலைகளால் மேலே தொடர முடியாமல் போனதையும் சொல்கிறது. அதன்பின் நேரம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருவதைச் சொல்கிறது. இந்த வேலையைக் கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது என்கிறது. வேலையை அளிக்கும்படி வேண்டி முடிகிறது.

இதில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். எஃப்.ஏ. தேறியதாகப் பொய் இல்லை. தன்னைத் தேர்ச்சி பெறாமல் செய்த கல்லூரியைப் பற்றி ஒரு குறை இல்லை. "பாதகமான சூழ்நிலைகள்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார். குடும்பக் கஷ்டத்தைப் பிழிந்து ஊற்றவில்லை. அச்சான கட்டுரையைப் பற்றித் தம்பட்டம் இல்லை, ஆனால் கணிதத்தில் ஈடுபட்டிருப்பதை மறைக்கவும் இல்லை. பின்னால் தெரியவந்து ஆபீசுக்குச் சங்கடம் வரக்கூடிய எதையும் அவர் மூடிவைக்கவில்லை. பழைய கம்பெனி மேனேஜரைப் பற்றி நேர்முகத் தேர்வில் புலம்பிவிட்டு வந்த என் மாணவி ஒருத்தி இதைப் படிப்பாள். அம்மா, இரண்டு சொல் போதும்.

கூடவே பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரையும் இருந்தது. கணிதத்தில் மிகவும் அசாதாரணமான திறமை உள்ள இளைஞன் என்று அவர் எழுதியிருந்தார். இந்த இடத்தில் ஒரு சொந்த விண்ணப்பம். பரிந்துரைக்கு என் பெயரைப் போடுகிறவர்கள் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லுங்கள். போன வருடம் ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்து, ஒரு பையனைப் பற்றிப் பத்து நிமிடம் கேள்வி கேட்டார்கள். எந்த பேட்ச் என்றே எனக்குப் பிடிபடவில்லை. வேலை கிடைத்ததா இல்லையா என்று பிறகும் தகவல் இல்லை. கிடைக்காவிட்டாலும் சொல்லலாம். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

சிபாரிசு இல்லாமல் கிடைத்த வேலை என்று நான் சொல்ல வரவில்லை. போர்ட் டிரஸ்ட் அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருந்த எஸ். நாராயண அய்யர் கணிதச் சங்கத்தில் ஈடுபட்டவர், முன்பு திருச்சியில் கணித ஆசிரியராக இருந்தவர். ராமானுஜனைப் பற்றி அவர்கள் வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். சிபாரிசு என்றதும் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். இந்த ஆள் யார், என்ன செய்யக்கூடியவன் என்பதைத் தெரிந்த ஒருவர் தெரியாதவருக்கு உண்மையாகச் சொல்வது ஒரு ரகம். என் மச்சான் பையன், பார்த்துச் செய்யுங்கள் என்பது வேறு ரகம். திருக்கோவிலூரிலிருந்து கை மாறி வந்த கடிதங்கள் முதல் ரகம். ஒவ்வொருவரும் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த பிறகே அடுத்தவருக்கு எழுதினார்கள்.

மார்ச் 1-ம் தேதி வேலையில் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலைக் குமாஸ்தா. மாதம் 30 ரூபாய். ராமசாமி அய்யர் எதற்குப் பயந்தாரோ அதே மாதிரியான கடைநிலை எழுத்து வேலைதான் இதுவும். அப்படியென்றால் தாலுகா ஆபீஸ் பொருந்தாது, துறைமுகம் பொருந்தியது எப்படி?

விளம்பரத்தில் இருக்கும் பதவிப் பெயரையும் சம்பளத்தையும் வைத்து இதைச் சொல்ல முடியாது. மேலே உட்கார்ந்திருந்தது யார் என்று பார்க்க வேண்டும். போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ஒரு இன்ஜினியர். அவருக்கு அடுத்து நாராயண அய்யர். ஆபீஸ் வேலை ராமானுஜனுக்குக் கடினமாக இல்லை. மீதி நேரத்தில் அவர் கணக்குப் போடுவதை இவர்கள் கண்டும் காணாததுபோல் விட்டார்கள். சொல்லப்போனால் ஊக்கப்படுத்தினார்கள். எழுதக் காகிதம் போதாமல், துறைமுகத்தில் சரக்கு சுற்றி வரும் தாள்களைத் தேடி அலைந்ததாகச் சொல்வார்கள். மாலையில் நாராயண அய்யர் வீட்டில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். ராமானுஜன் பத்துப் படியை இரண்டு படியில் தாண்டிவிடுவார். எனக்கே புரியவில்லை, மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், இடையில் உள்ளதையும் எழுது என்று அய்யர் வற்புறுத்துவாராம். மேலதிகாரி என்பவர் இப்படி அமைந்தால் நான்காம் நிலை என்ன, நாற்பதாம் நிலை என்ன?

அதே 1912-ல் சென்னை இன்ஜினியரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், ஸ்பிரிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் ஆபீசில் இப்படி ஒரு மனிதர் இருக்கிறார், அவருடைய திறமைக்கு வழி செய்யும்வரை அவரை மகிழ்ச்சியாக வேலையில் வைத்திருங்கள் என்று. வேலை பார்ப்பவன் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று ஒருவர் எழுத, அதைத் துறைமுகத் தலைவர் மதித்தார். நூறு ஆண்டுக்கு முன்னால்.

அதற்காக அந்த வேலையிலேயே ஓய்வுபெறும்வரை உட்கார்ந்திருப்பது அவர் எண்ணம் இல்லை. பிறகு கதை உங்களுக்குத் தெரியும். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதிப் பயன் கிடைக்கவில்லை. பதில் வராத வருத்தம் உங்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்காதீர்கள். இன்னும் நூறு வருடம் முன்னால் போனால் லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்கிற புத்தக பைண்டிங் பையன். அறிவியல் வேலை ஏதாவது கிடைக்குமா என்று ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினான். பதில் இல்லை. ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு எடுத்த குறிப்பை அழகாக பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினான். டேவி பதில் போட்டார், நேரில் பார்த்தார், பைண்டிங் தொழிலை விடாதே என்று புத்தியும் சொன்னார். சில வாரத்தில் இடம் காலியானதும் அந்தப் பையனைத்தான் கூப்பிட்டார். ஃபாரடே ராயல் இன்ஸ்டிடியூஷனில் நியமனம் ஆனது 1813 மார்ச் 1. தேதியைப் பாருங்கள்! வாரம் 25 ஷில்லிங், மாடியில் தங்க இடம், எரிக்கக் கரியும் மெழுகுவர்த்தியும். ஆண்டை மனப்பாடம் செய்யச் சொல்லி உங்களை வதைத்தவனுக்கு இந்த மாதிரிப் பொருத்தங்கள் பிடிக்கும், மன்னித்துவிடுங்கள்.

ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் முதல் வாக்கியத்திலேயே, நான் மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, சம்பளம் ஆண்டுக்கு 20 பவுண்டு மட்டுமே என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் அடுத்து உடனே சொல்லிவிடுகிறார். வயதை மட்டும் சுமார் 23 என்று எழுதியிருக்கிறார். உண்மையில் 25 முடிந்திருந்தது. கணித மேதைக்கே இந்தக் கணக்குத் தவறியிருக்கிறது, ஆகவே ரெஸ்யூமேயை இன்னொருவரிடம் கொடுத்து ஒருமுறை சரிபாருங்கள்.

பிப்ரவரி 27-ல் எழுதிய இரண்டாவது கடிதத்தில், நான் ஏற்கெனவே அரைப் பட்டினிக்காரன், மூளையைக் காப்பாற்றிக்கொள்ளச் சாப்பாடு வேண்டும், உங்கள் கடிதம் இங்கே உதவித்தொகை வாங்க உதவும் என்று நேராகக் கேட்டார். சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்துக் கூச்சப்படுகிறீர்கள். எதற்காக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பணிவாகச் சொன்னால் எந்த மரியாதையும் குறையாது.

அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்குக் கொடுக்க விதியில் இடம் இல்லாமல், விலக்குச் செய்துதான் கொடுத்தார்கள். சம்பளத்தைவிட இரண்டரை மடங்கு. ராமானுஜன் மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போகாமல் நின்றுவிடவில்லை. போர்ட் டிரஸ்ட்டில் முறையாக விடுப்பு வாங்கிக்கொண்டு போனார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. 1913 ஆகஸ்ட், நவம்பர், 1914 மார்ச் என்று மூன்று அறிக்கைகளையும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்.

நம் உறவிலேயே ஒரு பிள்ளை, பெயர் வேண்டாம், சேர்ந்து பதினோராம் நாள் வேறு இடத்தில் கூடுதலாகக் கிடைத்தது என்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். போனையும் எடுக்கவில்லை. அவனை அங்கே சேர்த்துவிட்ட அவன் சீனியர் இப்போது அந்த ஆபீசில் தலை குனிந்து நடக்கிறான். அடுத்து அந்தக் கல்லூரியிலிருந்து யார் விண்ணப்பித்தாலும் என்ன நடக்கும்? கம்பெனிகள் ராத்திரியோடு ராத்திரியாக மெயில் அனுப்பி ஆளை வெளியே தள்ளுகின்றன, நாங்கள் மட்டும் மரியாதை பார்க்க வேண்டுமா என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சீனியர் கம்பெனி இல்லையே.

இங்கிலாந்துக்குப் போக முதலில் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆசாரம், சாப்பாடு, அம்மா. 1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் சென்னை வந்து பேசிய பிறகு மனம் மாறியது. பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு தர முன்வந்தது. அதில் ஒரு பகுதி ஊரில் உள்ள குடும்பத்துக்குப் போகும்படி ஏற்பாடு ஆன பிறகே, மார்ச் 17-ம் தேதி நெவாசா கப்பலில் புறப்பட்டார். அவசரப்படவில்லை. வீட்டுக்கு என்ன வழி என்று பார்த்துக்கொண்டார்.

அந்த இடம் அவருக்குப் பொருந்தியதா? வேலை பொருந்தியது, ஊர் பொருந்தவில்லை என்றுதான் நான் சொல்வேன். உலகப் போர், குளிர், தானே பொங்கித் தின்ன வேண்டிய சைவச் சாப்பாடு, பிறகு நோய். வெளிநாட்டு ஆபரைப் பார்த்துவிட்டு ஆட்டம் போடும் பிள்ளைகளும் பெற்றோரும், சம்பளக் கட்டத்தோடு நிறுத்தாமல் அங்கே யார் சமைப்பார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

1919 தொடக்கத்தில் அவர் ஊர் திரும்பும் ஏற்பாடு நடந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகம் மறுபடி ஆண்டுக்கு 250 பவுண்டு தருவதாக அறிவித்தது. ஜனவரி 11 அன்று லண்டன் பட்னியிலிருந்து பதிவாளர் டியூஸ்பரிக்குப் பதில் எழுதினார் ராமானுஜன். நன்றி சொல்லிவிட்டு, இந்தியா வந்த பிறகு இந்தத் தொகை என் தேவைக்கு மேல் இருக்கும் என்றார். ஆண்டுக்கு 50 பவுண்டு என் பெற்றோருக்குக் கொடுங்கள், என் அவசியச் செலவு போக மீதியைப் படிப்புக்குச் செலவிடுங்கள், குறிப்பாக ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் என்று கேட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 31. அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-ம் தேதி சென்னையில் காலமானார்.